ஜுஹுவில் ஒரு கீழ்வீடு

17 மே 1964, ஞாயிறு
ஜுஹு போய் வந்தோம். தாராவிச் சாலின் ஒற்றை அறையில் இத்தனை வருஷம் ஒண்டிக் கிடந்தவளுக்கு, ஜன்னலைத் திறந்ததும் கடல்! மேல்மாடி எங்கள் சேமிப்புக்கு எட்டாது. கீழ்வீடு எட்டும். அதுதான் புரியவில்லை. அதே சுவர், அதே கடல் – கீழே மட்டும் ஏன் பாதி விலை? தரகர் பரபிடம் கேட்டேன். "கீழே காற்று கம்மி, தாயி" என்றார். அப்போது என் முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

18 மே
இவருக்குப் பிடிக்கவில்லை. பட்டறை ஃபோர்மேன், இரும்பைத் தவிர எதையும் நம்பமாட்டார். "ஏளா கோமதி, கடலைப் பாக்கணும்னா பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வருவோம். அதுக்கு ஒரு வீட்டையா வாங்குவாக?" விலை ஏறும் இடம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

5 ஜூலை, ஞாயிறு
நான் நச்சரித்த நச்சரிப்பில் இவர் அரைமனசாய் இறங்கி வந்தார். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாசம் நல்ல காரியம் கிடையாது. வியாழன் நிறைந்த அமாவாசை, அன்றே அட்வான்ஸ் தருகிறோம் என்றேன். பரபின் முகம் செத்துப்போனது. "அமாவாஸ்யா? நை, நை!" மராட்டியருக்கு ஆகாத நாளாம். அன்று வீடு பார்க்கக்கூட யாரும் வருவதில்லையாம்.

அன்று போய்ப் பார்த்தால்தான் என்ன?

9 ஜூலை, அமாவாசை
லீவு போட்டுவிட்டு நாங்களே போனோம். உச்சிப்பொழுது. ஐயோ! வீட்டுக்குள் கடல் நிற்கிறது, கணுக்காலுக்கு மேலே. பாதி விலை இதற்குத்தானா! அமாவாசைக்கு வராதவர்களுக்கு எப்படித் தெரியும்? பரபுக்குத் தெரியுமோ, நிஜமாகவே நாளுக்குத்தான் பயந்தாரோ?

பக்கத்துக் கீழ்வீட்டு ராபியா கட்டில்மேல் சம்மணமிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். மழைக்கால அமாவாசைக்குத்தான் இப்படியாம், பௌர்ணமிக்கு வாசல்படியோடு நின்றுவிடுமாம். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் என்றாள், ஹிந்தியில். வேறு வீடு பார்க்கவில்லையா என்றேன். "எதுக்கு?" என்று என்னையே வேடிக்கை பார்த்தாள்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "நான் வரமாட்டேன். நீ வேணா இதுல முங்கிக் கெட!"

12 ஜூலை
எனக்கு இன்னும் அந்த வீடுதான் வேணும். என்ன பொம்பளை நான்?

30 ஆகஸ்ட், ஞாயிறு
ஆவணியில் முடித்துவிட்டோம். தண்ணீரைச் சொல்லியே பரபிடம் இன்னும் குறைத்தேன். இவர் கையெழுத்துப் போட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "வீட்டுக்குள்ள தண்ணி வந்த அன்னைக்கு நான் தாராவிக்குப் போயிருவேன், பாத்துக்கோ." செய்யக்கூடிய மனுஷர்தான். தப்புப் பண்ணிவிட்டேனோ?

30 ஜூன் 1965, புதன்
நேற்று அமாவாசை. அடைமழை, ரயில் இல்லை, இவர் வீட்டில். மத்தியானம் வந்துவிட்டது, கதவிடுக்கு வழியாக, சத்தமில்லாமல். அரிசி டின்னைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, பெட்டியை எடுக்கப்போகிறார் என்று பயந்துகொண்டே நின்றேன். கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தவர் தரையையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி அடக்கினார்.

"ஏளா, சத்தம் போடாத. அடுப்புக்குக் கீழ ஒரு நண்டு நிக்கு. பயந்துறப் போவுது."