ஜூலை மாத வரவு

நீங்கள் பொய் வரவு போட்டிருக்கிறீர்கள், அக்கா. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. போன வருடம் ஜூலை மாதம் முழுவதும், உப்புவெளி வெல்டிங் வகுப்பின் பதினெட்டுப் பேருக்கும், உங்கள் சொந்தக் கையால்.

வரவு இடாப்பைத் திறந்ததும் கராம்பு மணந்தது. பல்லைப் பிடுங்கப் பயந்து, மாதக்கணக்கில் கராம்பைக் கடித்தபடியே எங்கள் தொழிற்பயிற்சி அலுவலகத்தை நடத்தியவர் நீங்கள். மேசை லாச்சிக்குள் அந்தச் சின்னப் போத்தல் இன்னும் கிடக்கிறது. தை மாதம் காய்ச்சல் என்று போனீர்கள், திரும்பவில்லை. உங்கள் கதிரையில் இப்போது நான் இருக்கிறேன்.

கணக்காய்வாளரின் கடிதம் போன கிழமை வந்தது. ஜூலையில் எல்லோரும் நாள் தவறாமல் வகுப்புக்கு வந்ததாக இடாப்பு சொல்கிறது. ஆனால் அந்த மாதம் களஞ்சியத்திலிருந்து ஒரு வெல்டிங் குச்சிகூட வெளியே போகவில்லை. வகுப்பு நவம்பரில் முடிந்ததாக அறிக்கை சொல்கிறது. ஆனால் டிசம்பரில் பெட்டி பெட்டியாகக் குச்சிகள் போயிருக்கின்றன. எங்கே போயின? கடிதத்தில் திருட்டு என்ற சொல் இல்லை. ‘முறைகேடாக அகற்றப்பட்டிருக்கலாம்’ என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். பெட்டிகளை எடுத்ததற்கு வைத்த ஒப்பம் உங்களுடையது. பதில் எழுத எனக்கு ஏழு நாள்.

எனக்குக் கோபத்துக்கு முன் ஆச்சரியம்தான் வந்தது. சிவப்புக் கோட்டுக்காரியா இதைச் செய்தார்?

ஈச்சிலம்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன் நான். காலை எட்டரைக்கு நீங்கள் சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுப்பீர்கள். உத்தியோகத்தர்கள் ஒப்பம் வைக்கும் புத்தகத்தில் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு விழும். கோட்டுக்குக் கீழே வைக்கிறவன் பிந்தி வந்தவன்.

“அக்கா, பஸ் மூதூரில நிண்டு போச்சு. ரெண்டு நிமிசம்தானே.”

“பஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி, அதிட்டயே கேப்பம்.”

“நீங்கள் மனிசரோட கதைக்கிறனீங்களோ, மணிக்கூட்டோட கதைக்கிறனீங்களோ?”

“மணிக்கூட்டோட. அது இழுக்காது. ஓம் எண்டா ஓம், ஏலாதெண்டா ஏலாது. கீழ வையுங்கோ ஒப்பத்தை.”

நான் உங்களை வெறுத்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு முறை, தேநீர் நேரத்தில், “உங்கட ஊரில நெல்லு வெட்டு எப்ப முடியும் தம்பி?” என்று கேட்டீர்கள். சும்மா கதைக்கக் கேட்கிறீர்கள் என்று நினைத்து, பங்குனி நடுவில் என்று முகத்தைப் பாராமலே சொன்னேன்.

சனிக்கிழமை உப்புவெளிக் கரைக்குப் போனேன். போன வருடம் அந்த வகுப்பில் படித்த நிரோஷன் கரைவலைக் கயிற்றில் நின்றான். இடுப்பில் பட்டி, காலடியில் மணல் புதைய, இன்னும் பத்துப் பதினைந்து பேரோடு பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“சேர், படம் எடுக்க வந்தனீங்களோ? வெள்ளைக்காரர் நிக்கிற இடம் அங்கால.”

ஜூலையில் வகுப்புக்கு வந்தானா என்று கேட்டேன். கயிற்றில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஜூலையிலயோ? கடல் சோறு போடுற மாசமல்லோ சேர். இந்த மாசம் வகுப்புக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டா, அம்மா என்னைத்தான் வெல்ட் பண்ணுவா.”

வலை கரையேறிய பிறகு அவன் வந்து மணலில் இருந்து சொன்னான். நவம்பரில் வாடைக்காற்றுத் தொடங்கிப் படகுகளை மேட்டில் ஏற்றிய அன்றே, மழைக்கோட்டோடு வீடு வீடாக வந்தீர்களாம். “இப்ப என்ன சாட்டு?” என்று கேட்டீர்களாம். டிசம்பர் முழுக்கக் காலையிலிருந்து இருட்டும் வரை வகுப்பு. ஜூலைச் சம்பளத்தை வேலையில்லாமல் வாங்கிய போதனாசிரியர் அதை டிசம்பரில் சம்பளமில்லாமல் கழித்திருக்கிறார்.

“நத்தாருக்கு முதல்நாளும் வகுப்பு, சேர். கோயில்ல யேசு பாலன் குடிலுக்கு நாங்கள்தான் கம்பி ஒட்டினனாங்கள். அக்கா வந்து பாத்திட்டு, ஒட்டு நேரில்லை, வெட்டிப்போட்டுத் திருப்பி ஒட்டுங்கோ எண்டவா. மாட்டுக் கொட்டில்தானே எண்டன். ஏச்சு வாங்கினன்.”

குச்சிகள் அங்கேதான் எரிந்திருக்கின்றன. களவு எதுவும் இல்லை.

அக்கா, இந்த விதியை எழுதியவர்கள் ஒரு முறையாவது கடலைப் பார்த்திருக்கிறார்களா? பயிற்சிக்கான நிதி பங்குனியில் வரும். ஒரு மாதம் வரவு குறைந்தால் வகுப்பு மூடப்படும், மிச்சம் திறைசேரிக்குத் திரும்பும். டிசம்பர் முப்பத்தொன்றோடு எல்லாம் முடியும். எங்கள் கரையில் பொடியன்கள் சும்மா இருக்கும் மாதங்களோ நவம்பரிலிருந்து மாசி வரை. பாதி இந்த நிதியாண்டில், பாதி அடுத்ததில். வகுப்பு மூடியதும் ‘இளைஞர்களுக்கு ஆர்வமில்லை’ என்று குளிரூட்டிய அறையில் ஓர் அறிக்கை எழுதப்படும். விடியற்காலையிலிருந்து கயிறு இழுக்கிறவனைச் சோம்பேறி என்று பதிவு செய்ய இவர்களால் முடிகிறது.

நான் எழும்பும்போது நிரோஷன் என் கையைப் பிடித்தான்.

“சீனன்குடாவில ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறன் சேர். சேட்டிபிக்கட் சரியோ எண்டு உங்கட அலுவலகத்திட்டத்தான் கேப்பினம். நீங்கள் உண்மையை எழுதினா எங்கட சேட்டிபிக்கட் போயிடும். எழுதாட்டி அக்கா கள்ளி. என்ன எழுதப் போறீங்கள்?”

“பாப்பம்” என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் இழுக்காதேங்கோ என்று ஏசியிருப்பீர்கள்.

திங்கட்கிழமை உங்கள் அலுமாரியைக் குடைந்தேன். வெல்டிங் கோப்பின் அடியில், கொழும்புக்கு நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் இருந்தன. வருடத்துக்கு ஒன்றாக ஏழு. திகதியைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை. ‘கரையோர வகுப்பை நவம்பரில் தொடங்கி மாசியில் முடிக்க அனுமதி தரவும்.’ பதில் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

அதே கோப்பில் என் ஊரின் பெயரும் இருந்தது. ஈச்சிலம்பற்று உழவு இயந்திரத் திருத்தல் வகுப்பைச் சித்திரைக்குத் தள்ளியிருந்தீர்கள். ஓரத்தில் பென்சிலால், ‘வெட்டு பங்குனி நடுவில் முடியும். தம்பி சொன்னவர்.’ வெட்டு ஒரு நிதியாண்டுக்குள் அடங்கியது, அதனால் நேர்வழியில் முடிந்தது. கடல் அடங்கவில்லை. அங்கேதான் பேனையை எடுத்துப் பொய் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து எப்போதும்போல நேராக இருக்கிறது. ஏன் எங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை? நான் காட்டிக்கொடுத்திருப்பேன் என்று நினைத்தீர்களா? அப்போது நான் இருந்த கோபத்துக்கு, கொடுத்திருப்பேன்தான்.

அன்று பின்னேரம் நிரோஷன் அழைத்தான்.

“பொடியள் எல்லாரும் இருந்து கதைச்சனாங்கள். உண்மையையே எழுதுங்கோ. அக்காவைக் கள்ளி எண்டு விட ஏலாது. ஆனா சேர், நாங்கள் வேலை பழகின மணித்தியாலத்தையும் எழுதுங்கோ. அது பொய்யில்லை.”

எழுதினேன். திகதிகள் பொய், மணித்தியாலங்கள் உண்மை, சான்றிதழ்கள் உழைத்துப் பெற்றவை என்று எழுதினேன். பாலன் குடிலின் கம்பிச் சட்டம் கோயில் களஞ்சியத்தில் இருக்கிறது, வந்து ஒட்டைப் பாருங்கள் என்றும் எழுதினேன். உங்கள் ஏழு கடிதங்களையும் பின்னால் இணைத்தேன். சான்றிதழ்கள் தப்புமா என்று தெரியாது. நிரோஷன் காத்திருக்கிறான்.

இப்போது மறுபடி ஜூலை. இன்று காலை எட்டரைக்கு உங்கள் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். வியர்வையில் நனைந்து வந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் கோட்டுக்குக் கீழே ஒப்பம் வைத்து என்னை முறைத்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மேசையில் இந்த வருடத்து இடாப்பு விரிந்து கிடக்கிறது. உப்புவெளிப் பொடியன்கள் கயிற்றில் நிற்கிறார்கள். பக்கம் வெறுமை. வெறுமையாக அனுப்பினால் வகுப்பு மூடப்படும். நிரப்பினால் நானும் நீங்கள்.

கராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எட்டாவது கடிதத்தை எழுதி அனுப்பினேன். உங்கள் வாக்கியத்தை அப்படியே வைத்து, கீழே இதைச் சேர்த்தேன்: ‘இதை ஏழு முறை கேட்டவர் இறந்துவிட்டார். மாதம் முடிய நான்கு நாள் இருக்கிறது. ஓம் என்றோ ஏலாது என்றோ எழுதுங்கள்.’