கழித்த கடலை

மார்ச் 4

எலி டாக்டரம்மாவுக்கு, அண்ணன் எழுதுவது.

போன மாதம் அனுப்பிய கடலைப் பொட்டலம் வந்ததா? கடலை ஆலையில் எனக்குக் கொடுத்த மூட்டையிலிருந்து நானே உட்கார்ந்து பொறுக்கியது. தரம் பிரிக்கிறவன் தங்கைக்கு மட்டமானதா போகும்?

வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பாம். "எண்ணெயைக் குறைங்க, குடியை நிறுத்துங்க" என்றார் டாக்டர். "குடிச்சாத்தானே சார் நிறுத்த?" என்றேன். உன் அண்ணி சிரித்துவிட்டாள், அவர் சிரிக்கவில்லை. இந்த ஒல்லி உடம்புக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? உன் ஆய்வுக்கூட எலிகளைக் கேட்டுச் சொல்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

கேட்டேன். சிரிக்கிற மாதிரி பதில் வரவில்லை.

கடலையில் பிடிக்கும் பூஞ்சை ஒரு நஞ்சை விடும். வருகிற கொழுப்பைக் கல்லீரல் எரிக்க வேண்டும். மீதியைப் பொதிந்து இரத்தத்தில் அனுப்ப வேண்டும். இந்த நஞ்சு இரண்டு வேலையையும் கெடுக்கும். எண்ணெயே காணாத எலிக்கும் ஈரலில் கொழுப்பு தேங்கிவிடும். நுண்ணோக்கியில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

பயந்துபோய் உங்கள் பொட்டலத்தையும் சோதித்தேன். சுத்தம். மூட்டைக் கடலை அவ்வளவு சுத்தமாக இருக்காது, அண்ணா. கழித்ததெல்லாம் எங்கே போகிறது?

தங்கை

ஏப்ரல் 2

டாக்டரம்மா,

எங்கே போகும், என் வயிற்றுக்குத்தான். கறுத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் உன் அண்ணி வறுத்துத் தருவாள். அவளுக்குப் பல் ஆடுகிறது; நான் ஒருவன்தான் கொறிக்கிறேன். தீய வறுத்த பிறகு பூஞ்சையாவது, பிழைப்பதாவது! தின்கிற பொருளை எறிய எனக்குக் கை வராது. உனக்குத் தெரியாததா?

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

பூஞ்சை சாகும். அது விட்ட நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. உங்கள் ஈரலுக்கு அதுதான் காரணம் என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நிறுத்தினால் தேறலாம். சொத்தையை எறிந்துவிடுங்கள். எனக்குப் பொறுக்கவும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை

மே 6

என் செல்ல எலிக்கு,

உன் பேச்சை நான் தட்டுவேனா? கவலையை விடு. கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்கிறாள் உன் அண்ணி. அவளுக்கு ஏதாவது சொல்லாவிட்டால் பொழுது போகாது. பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மே 20

அண்ணா,

"கவலையை விடு" என்று எழுதியிருக்கிறீர்கள். எறிந்துவிட்டேன் என்று எழுதவில்லை. பொட்டலத்தில் ஒரு சொத்தைகூட இல்லை. கழித்ததை என்ன செய்தீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் போடுங்கள். மஞ்சள் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

தங்கை

ஜூன் 24

அண்ணா,

இன்று தபாலில் உங்கள் பொட்டலம் வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று கடலையைத் தட்டில் கொட்டித் தேடினேன். இல்லை. கடலை மட்டும்தான், ஒவ்வொன்றும் முத்து முத்தாக.

ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. குப்பைக் கூடை வரை கொண்டுபோனேன். எனக்கும் கை வரவில்லை, அண்ணா.

தங்கை