நான்காவது பட்டியல்

மார்ச் 2, சனி

பட்டியலை மறுபடி மாற்றினேன். இது நான்காவது. குற்றம் முழுக்கச் சங்கின் மேல், சனிதோறும் நூலக மாடியில் என்னிடம் வித்தை கற்க வரும் பையன். பதினாறு வயதில் ஆலைச் சங்கு மாதிரி தொண்டை. முப்பத்திரண்டு பொருளுக்கு முப்பத்திரண்டு சொல் வைத்துக் கொடுத்திருந்தேன். அவன் பார்வையாளரிடம் ஒரு பொருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். கேள்வியின் முதல் சொல்லை வைத்து, மேடையில் கண் கட்டி உட்கார்ந்திருக்கும், நாங்கள் பென்சில் என்று கூப்பிடும் பெண் அது என்னவென்று சொல்ல வேண்டும். "சரி" என்று தொடங்கினால் சாவி. இவனோ மூச்சுக்கு மூச்சு "சரி" என்கிறான்! பதினான்கு சொற்களை இடம் மாற்றிவிட்டேன்.

"யோசிச்சுப் பேசவே மாட்டியாடா?"

"யோசிச்சா பேச்சு வராதுண்ணா."

"யோசிக்காமயும் உருப்படியா எதுவும் வந்ததில்ல" என்றாள் பென்சில். அவனுடைய சித்தி மகள். பதினைந்து வயது, ஒல்லி, நாக்கு மட்டும் கூர்.

மார்ச் 9, சனி

நாற்பதுக்கு நாற்பது. ஒரு பிழைகூட இல்லை. "பரவாயில்லை" என்றேன். "அண்ணா பாராட்டிட்டாரு, தேதியைக் குறிச்சு வை" என்று நூலக மாடியே அதிரக் கத்தினான் சங்கு. கீழிருந்து நூலகர் அம்மா ஏறி வந்து முறைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 16, சனி

பென்சிலின் தாள் கிழிந்துவிட்டதாம், வேறு கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். மூலையில் என் கையெழுத்தில் 3.

நான்காவது பட்டியலில் அவளுக்கான பிரதி என் பையிலேயே இருக்கிறது. நான்தான் கொடுக்க மறந்திருக்கிறேன்.

அப்படியானால் சங்கு ஒரு பட்டியலில் கேட்கிறான், இவள் வேறு பட்டியலில் பதில் சொல்கிறாள். போன வாரம் அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி "சட்டுனு சொல்லு" என்றான். அவள் தாளில் "சட்டுனு" என்றால் சீப்பு. அவள் கண்ணாடி என்றாள்.

நாற்பதும் சரி. எப்படி?

மார்ச் 23, சனி

சோதித்தேன். அவளை அடுத்த அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். கண்கட்டுத் துணிக்குள் கறுப்பு ரப்பர் வைத்துத் தைத்தவனே நான்தான், அதில் ஓட்டை கிடையாது. வேண்டுமென்றே தப்பான சொல்லில் கேட்கும்படி சங்கின் காதில் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான், நல்லவேளை.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசி மூன்றுக்கு, நான் சொன்னபடி, அவன் வாயே திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது - "நூல்கண்டு." கொஞ்சம் பொறுத்து, "டேய், அடுத்த கேள்வியைக் கேளுடா."

அந்த மூன்றையும் அவன் வாய்விட்டுக் கேட்டதாகவே நினைத்திருக்கிறாள்.

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியிருக்கிறது.

மார்ச் 30, சனி

எல்லாரும் போனபின் பென்சில் நின்றாள்.

"அண்ணா, நான் வரலண்ணா இனிமே."

"ஏன்? இன்னும் ரெண்டு வாரத்துல நிகழ்ச்சி."

"பஸ்லயும் வருது. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பையில என்ன இருக்குன்னு. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு. வீட்டை விட்டு வெளிய வரவே பயமா இருக்கு. எனக்கு மூளை கெட்டுப்போச்சா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"லூசு மாதிரி பேசாத. எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. அளந்து காட்டுறேன்."

என்னத்தை அளக்கப் போகிறேன்?

ஏப்ரல் 1, திங்கள்

அலுவலகத்தில் என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவது. ஆறு வருடத்தில் அளக்காத ஓர் எண்ணை எழுதியதில்லை. எழுதியவன் ஒருவனைப் போட்டுக்கொடுத்து வேலையை விட்டே அனுப்பவைத்தவன் நான்.

இன்று மதியம் உட்கார்ந்து ஒரு வரைபடம் தயாரித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் சங்கின் மூச்சு இழுக்கும் நேரம் மாறுகிறது, காலடியின் கனம் மாறுகிறது, பென்சிலின் காது அவளை அறியாமலே அதைப் பிடிக்கிறது. நாற்பது புள்ளிகள். நாற்பதும் பொய். நம்பும்படியாக இரண்டு புள்ளிகளைக் கோட்டுக்குச் சற்று வெளியே வைத்தேன். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. த்தூ!

ஏப்ரல் 6, சனி

கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். தாளையா, என்னையா, தெரியவில்லை.

"அப்ப காதுதான்."

"காதுதான்."

"பஸ்ல?"

"பையில சாமான் உரசுற சத்தம். மீதி உன் கற்பனை."

பெருமூச்சு விட்டாள். நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்றாள்.

ஊரெல்லாம் வித்தைக்காரன் தந்திரத்தை மந்திரம் என்று சொல்லிப் பிழைக்கிறான். என் நிலைமை தலைகீழ்.

ஏப்ரல் 13, சனி

நிகழ்ச்சி. எழுபது பேர். எல்லாம் சரியாகச் சொன்னாள். நடுவில் ஒரு மனிதர் குறும்பாக மூடிய கையை நீட்டினார். சங்குக்கே உள்ளே என்னவென்று தெரியாது, ஏதோ உளறிக் கேட்டான். பென்சில் சொன்னாள் - "வெறும் கை."

பட்டியலில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

அவர் விரித்தார். ஒன்றுமில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் தட்டவில்லை. கண் கட்டியபடியே அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. வரைபடம் பொய் என்பது தலைக்குள் வந்துவிடக் கூடாதென்று பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வாரமாக அவளை நினைத்தாலே இதுதான்.

ஏப்ரல் 20, சனி

பெட்டிகளை அடுக்க பென்சில் உதவினாள். நான் வாய் திறக்கவில்லை. உதடுகூட அசையவில்லை. சத்தியமாக.

"பதினேழெட்டு நூத்தி முப்பத்தாறுண்ணா. நீங்க எப்பவும் நூத்தி இருபத்தாறுன்னு போறீங்க."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அந்தத் தாளை நீட்டினீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் தலையாட்டின?"

"நான் மட்டும் பயந்துட்டு இருக்கேன்னு நினைச்சேன். அன்னிக்குப் பார்த்தா நீங்க என்னைவிட அதிகமா பயந்துட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் அவ்வளவா பயம் வரல."

பயம் போகவில்லை எனக்கு. ஆனால் ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27, சனி

வாய்ப்பாடு சொல்லவில்லை. புதுக் கயிற்று வித்தையைச் சங்குக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஜன்னலோரம் பென்சில் உட்கார்ந்திருந்தாள். மூவரும் சும்மா இருந்த ஒரு நேரத்தில் சங்கு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒருத்தரும் ஒண்ணும் பேசலையே. எதுக்கு ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?"