இரவல் சேறு

மார்ச் 4
இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் அண்ணனை 'மண்ணின் எழுத்தாளர்' என்று இன்னொரு பத்திரிகையும் எழுதிவிட்டது. ஒரு வருஷமாக அந்த மண்ணில் நிற்பவன் நான். இரண்டு பட்டம் வாங்கி, பாடம் நடத்திய கல்லூரியை இழுத்து மூடியதும், "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவன். இப்போது மாடு என் குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

மார்ச் 7
படம் பிடிக்க வந்தார்கள். அண்ணன் சலவைச் சட்டையைக் கழற்றிவிட்டு என் சேற்றுச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான்.
"கொஞ்சம் தள்ளி நில்லுடா, படத்துல விழுற."

மார்ச் 12
மோட்டார் ஓடினால்தான் இவனுக்கு எழுத்து வரும். முதல் புத்தகத்தை மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதினான். ஒரு பாத்தி நிறைந்ததும் எழுந்துபோய் அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பவேண்டும். அத்தியாயங்கள் சின்னதானது அதனால்தான். விமர்சகர்கள் அதைச் சொற்சிக்கனம் என்கிறார்கள்!
ஒருநாள் நல்ல வாக்கியம் சிக்க, எழுத்தாளர் ஐயா எழுந்திருக்கவில்லை. பக்கத்து வயல்காரரின் வெங்காயம் மூழ்கியது. அவர் அரிவாளோடு வந்தார். அதையும் எழுதினான். அவரோ இப்போது, "அந்த ஒன்பதாம் அத்தியாயம் நான்தாங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.
அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரே வரி: 'தம்பி படித்தவன், சாப்பாட்டு நேரம் தவறமாட்டான்.' அந்த வரிக்கும் பிழை திருத்தியவன் நான். நன்றிப் பக்கத்தில் மோட்டார் மெக்கானிக் இருக்கிறார்.

மார்ச் 19
பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். ஒரு வருஷமாக இவன் மண்வெட்டியைத் தொடவில்லை என்பதுதான் முதல் பத்தி. இவன் பெயர் நாறட்டும்.

மார்ச் 20
வீட்டில் மூன்று வரிக்குமேல் நகரவில்லை. "என்ன தம்பி, பல்லைக் கடிச்சிக்கிட்டே எழுதுறீங்க?" என்கிறாள் அண்ணி. நாளை தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் அறையில் உட்காரவேண்டும்.

மார்ச் 21
நாசமாப் போச்சு.

மார்ச் 22
நேற்று நடந்தது இது. 'இவர் சட்டையில் இருக்கும் சேறுகூட இரவல்' என்று ஒரு வரி விழுந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. கால் நனைந்தபோதுதான் நிமிர்ந்தேன். எங்கள் வெங்காயம் முழுக்கத் தண்ணீருக்குள்.
அண்ணன் வந்தான். வயலைப் பார்த்தான். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினான். அடிப்பான் என்றே நினைத்தேன். இரவல் சேற்றுக்கு வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்து, மாட்டிடம் போய் உரக்கப் படித்தான்.
"அடப்பாவி, இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"
"உன்னைத்தான் கிழிச்சிருக்கேன்."
"தெரியுது, கண்ணு இருக்கு. அனுப்பு. உன் பேரைப் பெருசாப் போடு!"
பிறகு மண்வெட்டியை எடுத்து, வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தான். என் முதல் பத்தி பொய்யாகிவிட்டது. சண்டாளன்.

மார்ச் 23
முதல் பத்தியை அடித்துவிட்டேன். மிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது — மூன்று முறை படித்துப் பார்த்தேன். அடுத்ததை எழுதும்போது அவனை மடையில் நிறுத்திவிட்டுத்தான் உட்காரவேண்டும்.
இன்று தபாலில் சேர்க்கிறேன். பெயர் போடமாட்டேன். போடு என்று அவன் சொல்லிவிட்டானே.