கோல் விடாதவர் பெயரில் ஒரு கப்

பந்து பிடித்துப் பிடித்து வளைந்த சுண்டுவிரலோடு என்னைக் கைப்பிடித்த என்னவருக்கு,

நீங்கள் கல்லறைக்குப் போன பிறகுதான் உங்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மழையில் ஆடிவிட்டு வந்தால் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுக்காத கால்பந்துச் சங்கம், இப்போது உங்கள் பெயரில் கப் வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கப்பை நான்தான் கொடுக்க வேண்டுமாம். யாருக்குத் தெரியுமா? அதிகக் கோல் போடுகிறவனுக்கு.

சிரிக்காதீர்கள். நீங்கள் கோல்கீப்பர் என்பதே தலைவர் அருள்தாசுக்குத் தெரியவில்லை. பபேடான் பேட்டையிலுள்ள நம் வீட்டுக்கு வந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே, "அந்தப் பைனல்ல அவரு போட்ட கோலை நான் மறக்கவே மாட்டேம்மா" என்றார். கூட வந்த காரியதரிசி தலையை ஆட்டினார். அந்தத் தலை வேறு எதற்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டுமே. அன்று கொட்டிய மழையில் தலைவர் பெரிய மனிதர்களோடு கொட்டகைக்குள் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார். நான் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நனைந்தேன். எதிரணியான அக்கரை டாலாக்காரர்கள் வெறுங்காலோடு சேற்றில் பறந்தார்கள். நம் ஆட்கள் பத்துப் பேரும் ஷூ வழுக்கி விழுவதும் எழுவதுமாகப் பொழுதைக் கழித்தார்கள். பந்து திரும்பத் திரும்ப உங்களிடமேதான் வந்தது. ஒரு தடவை அதைக் கட்டிப்பிடித்தபடி கம்பத்தில் மோதிக் கிடந்தீர்களே, எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து, கண்ணிலிருந்த சேற்றை வழித்துவிட்டு என்னைத் தேடினீர்கள். அதற்காகவே உங்களை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம்.

நாம் ஜெயித்த அந்த ஒற்றைக் கோலும் நம் ஆள் போட்டதில்லை. அவர்களுடைய பேக் ஆட்டக்காரன் பந்தை வெளியே தள்ளப்போய்த் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டான். ஆனால் இதைச் சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்? நம்மவர் கடைகளை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, உங்களோடு ஆடியவர்களில் பாதிப்பேர் தாய்நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார்கள். தட்டிக்கேட்க ஆளில்லை என்று தலைவருக்குத் தைரியம்.

டாலா அணியில் பார்வர்டு ஆடிய கோ தான் மவுங், உங்கள் அடக்கத்துக்கு ஆற்றைக் கடந்து வந்திருந்தார். எத்தனை அடித்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை, உங்கள் மேல் தனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று பர்மியில் சொல்லி அழுதார். தோற்றவருக்கு இருக்கும் ஞாபகம் ஜெயித்த சங்கத்துக்கு இல்லை.

தலைவரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"கப்புல எழுத்து வெட்டியாச்சும்மா. கோல் போட்டாத்தானே ஜெயிக்க முடியும்? சும்மா நின்னவருக்கெல்லாம் யாரு கப் குடுப்பா?"

சும்மா நின்றீர்களாம்.

"அன்னைக்கு நம்மாளு யாரு கோல் போட்டா, சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி டீக்கோப்பையைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தோடு இத்தனை வருஷம் எப்படித்தான் காலம் தள்ளினீர்கள்? பொறுமையா, இல்லை பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இருந்துவிட்டீர்களா?

வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் தலைவர் மனைவியை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பிறகு வருஷா வருஷம் உங்கள் பெயரில் அந்தப் பொய்தான் நிற்கும். அதனால் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கப்பை என் கையில் தருவார்கள். கோல் போட்ட பையன் எதிரே நிற்பான், பாவம், அவன்மேல் குற்றமில்லை. நான் படியிறங்கி, சேறானாலும் நடந்து போய், கோல் விடாமல் காத்தவன் எவனோ, பர்மாக்காரனோ நம் பையனோ, அவன் கையில் கொடுப்பேன். ஏன் என்று கேட்பார்கள். இதுவரை என் வாயால் சொல்லாத உங்கள் பெயரை அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொல்லி, அவர் கோல்கீப்பர் என்பேன். இது சத்தியம். புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாளே என்று ஊர் பேசினால் பேசட்டும், நீங்கள் கோபிக்கமாட்டீர்கள்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
தெரசா