பெட்டியில் ஒரு எண், துப்பாக்கியில் ஒரு எண்

சோட்டோ, மொன்டானா
6 ஏப்ரல் 2011

அன்புள்ள டெல்பர்ட்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது மைல் சேற்றில் வண்டியோட்டி வந்து என் ரிவால்வரைக் கொடுத்ததற்கு நன்றி. காபி கொதிப்பதற்குள் கிளம்பிவிட்டாய். அப்படி என்ன அவசரம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரே மாதிரி இரண்டை வாங்கிய அன்றே என்னுடையதை நான் எடுத்து வந்திருக்க வேண்டும். கண் மருத்துவர் மருந்து விட்டதில் எதிரில் வருவது ஆளா கம்பமா என்று தெரியாத நிலை. பெட்டியை உன் வண்டியிலேயே விட்டுவிட்டேன். உனக்குத் தொந்தரவு.

மூன்று நாளாக அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழலுக்கும் தோட்டா உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய தகடுகளால் ஆறு அறைகளிலும் அளந்தேன். ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம், எல்லாவற்றிலும் ஒன்றுபோல. நல்லதுதான். ஆனால் தோட்டாவைத் தட்டும் சுத்தியலும், விரலால் அழுத்தும் விசையும் அச்சில் வார்த்தவை. என் அப்பாவின் ரிவால்வரில் அவற்றை இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்திருந்தார்கள். இதில் பக்கவாட்டில் பாதுகாப்புப் பூட்டுக்கென்று ஒரு சாவித் துளை வேறு. பூட்டு தானாக விழுந்துகொண்டால் என்ன செய்வது? நான் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறேனோ என்னவோ.

ஆனாலும் நினைத்துப் பார். தபால் பெட்டிக்குப் போக அரை மைல், அதில் பாதி ஆளுயர வில்லோப் புதர். போன இலையுதிர் காலத்தில் கரடி பக்கத்துப் பண்ணையில் மூன்று கன்றுகளை அடித்தது அந்தப் புதருக்கு அந்தப் பக்கம்தான். மிளகாய்த் தெளிப்பான் போதும் என்று வனத்துறைக்காரர் சொல்கிறார். அதையும் இடுப்பில் மாட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்றில் அது என் முகத்திலேயே வந்து அடிக்கும். ஆகவே இந்த ரிவால்வர் கேட்டபோது வெடிக்கும் என்று நான் நம்பியாக வேண்டும். நம்பாமல் புதருக்குள் கால் வைக்க முடியாது.

புதுக் கண்ணாடி அடுத்த வாரம் வருகிறது. வந்ததும் காகிதங்களையும் எண்களையும் சரிபார்ப்பேன்.

அன்புடன்,
ஹார்லன் நைகார்ட்


கிரேட் ஃபால்ஸ்
11 ஏப்ரல்

யோவ் வாத்தியாரே,

உன் கடுதாசியப் படிச்சா துப்பாக்கி வாங்கினவன் மாதிரி தெரியல, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி இருக்கு. மூக்கு சரியில்ல, நடை சரியில்ல, அந்தக் காலத்துப் பொண்ணுங்கள மாதிரி வருமா!

அச்சுல வார்த்தா என்னய்யா? முப்பத்தோரு வருஷம் ரயில் பட்டறைல இரும்போட குடும்பம் நடத்தினவன் சொல்றேன், வார்த்ததுலயும் நல்லது இருக்கு, கடைஞ்சதுலயும் மட்டம் இருக்கு. கடைக்கார வெர்னாம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? "பழசு பழசுன்னு உருகறவங்க எல்லாம், வெடிக்காத பழச ஆத்துல வீசினத மறந்துட்டாங்க." உங்கப்பா துப்பாக்கி இருபது வருஷமா அலமாரியில தூங்குச்சு. தூங்கறவன் என்ன தப்புப் பண்ணுவான்?

பூட்டு தானா விழாது. ராத்திரி கட்டிலுக்கு அடியில பாத்துட்டுப் படுக்கற ஆளு நீ, உனக்கு அது விழுந்தாலும் விழும்.

ஒண்ணு சொல்றேன் கேளு. நம்பர், காகிதம்னு நோண்டிக்கிட்டு உக்காராத. வேலிக்கு வெளிய போ, டப்பாவ நிறுத்து, ஆறு தோட்டா போட்டுச் சுடு. சுத்தியல உன் வழக்கப்படியே மெதுவா இழு, ஒண்ணும் அவசரம் இல்ல. அது உன்னக் கைவிடாது. அதுக்கு நான் பொறுப்பு.

போன்ல பேசலாம்னா என் காது பட்டறையிலயே போச்சு. எழுது.

டெல்


சோட்டோ
16 ஏப்ரல்

அன்புள்ள டெல்பர்ட்,

கண்ணாடி வந்தது. நோண்ட வேண்டாம் என்று நீ எழுதியிராவிட்டால் ஒருவேளை நான் ஒத்திப்போட்டிருப்பேன். நீ எழுதிவிட்டாய். எனவே பார்த்தேன்.

பெட்டியில் ஒட்டிய எண் 417-இல் முடிகிறது. உருளையை வெளியே தள்ளினால் சட்டத்தில் தெரியும் எண் 418-இல் முடிகிறது. கண்ணில் கோளாறோ என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்தும் பார்த்தேன். 418தான். 417 என் பெயரில் கடைப் பதிவேட்டில் இருக்கிறது. 418 உன்னுடையது.

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. உருளையின் முகப்பில் கரி படிந்திருக்கிறது. புதுத் துப்பாக்கியைத் தொழிற்சாலையிலேயே இரண்டு மூன்று முறை சுட்டுப் பார்ப்பார்கள் என்று தெரியும். இது அந்த அளவு அல்ல. யாரோ நன்றாகச் சுட்டிருக்கிறார்கள்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். கடைக்குத் தொலைபேசினேன். வெர்னா அம்மையார் எடுத்தார்.

"உங்க சிநேகிதரா? ஒண்ணாந் தேதியே வந்தாரே! ஒரு மணி நேரம் என்கூட மல்லுக்கட்டிட்டுப் போனாரு, உங்ககிட்டச் சொல்லலையா?"

"எதற்காக அம்மா?"

"ஒரு துப்பாக்கி கோளாறுன்னு மாத்திக் கேட்டாரு. கையெழுத்துப் போட்டு வெளிய போனத நான் எப்படிங்க மாத்தறது? கம்பெனிக்கு அனுப்புங்கன்னேன். பத்து வாரம் ஆகும்னேன். முறைச்சிட்டே போயிட்டாரு."

எந்தத் துப்பாக்கி என்று கேட்டேன். பேச்சு வளர்ந்ததில் எண்ணைப் பார்க்கவே இல்லை என்றார்.

டெல்பர்ட், ஐந்து நாள் இரண்டு பெட்டியும் உன் வீட்டில் இருந்தன. நான் கணக்கு வாத்தியார். இரண்டையும் இரண்டையும் கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. என் கூட்டல் தவறு என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், முழு மனதுடன் ஏற்றுக்கொள்வேன்.

ஹார்லன்


கிரேட் ஃபால்ஸ்
21 ஏப்ரல்

ஹார்லன்,

ஆமா, மாத்தினேன். பெட்டிய மாத்தல, உள்ள இருக்கறத மாத்தினேன். உன் கண்ணு இருந்த நிலைக்கு நீ பாக்க மாட்டன்னு நெனச்சேன். அது என் தப்பு.

கூட்டிப் பாத்தியே, ஏன்டா மாத்தினன்னு ஒரு வார்த்த கேட்டியா? முப்பத்தாறு வருஷப் பழக்கம். என்னக் கேக்கறதுக்கு முன்னாடி கடைக்காரம்மாவக் கேட்டிருக்க.

உன் பேர்ல இருக்கறது இப்ப என் கையில இல்ல. வந்ததும் வரும். அதுவரைக்கும் கையில இருக்கறதத் தூக்கிக்கிட்டு நட.

டெல்பர்ட் ரஸ்க்


சோட்டோ
2 மே

திரு. ரஸ்க் அவர்களுக்கு,

"இப்ப என் கையில இல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரமாக இந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு யார் கையில்? விற்றுவிட்டீர்களா? என் பெயரில் பதிவான துப்பாக்கி எங்கோ ஒருவன் கையில் இருக்கிறது. அதை வைத்து அவன் எதையாவது செய்தால் முதலில் தட்டப்படுவது என் கதவு.

கையில் இருப்பதை நம்பி நடக்கச் சொல்கிறீர்கள். மாற்றித் தரச் சொல்லி நீங்கள் கடையில் மல்லுக்கட்டியது இதற்காகத்தானே? கடைக்காரர் மறுத்ததும் அது என் தலையில் விடிந்தது. அதைச் சுடவில்லை. சுட மனம் வரவில்லை. தபால் பெட்டி ஓரம் சேற்றில் போன வாரம் கரடியின் தடம் பார்த்தேன், என் தொப்பி அளவு. அதிலிருந்து நடந்து போவதை விட்டுவிட்டேன். பக்கத்துப் பண்ணையின் திருமதி ஹாஃப்ஸ்டாட் வண்டியில் போகும்போது என் தபாலையும் எடுத்து வருகிறார். ஐம்பது வயதுப் பெண்மணி எழுபத்தெட்டு வயது ஆணைப் பார்த்துப் பரிதாபப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

நண்பர்கள் துப்பாக்கியை மாற்றிக்கொள்வது இந்த மாநிலத்தில் குற்றமில்லை என்பது தெரியும். ஆனால் நான் மாற்றிக்கொள்ளவில்லை. என்னைக் கேட்காமல் மாற்றப்பட்டது. அதனால் நேற்று ஷெரிஃப் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி, இரண்டு எண்களையும் குறித்து அனுப்பிவிட்டேன். உங்களைக் குற்றவாளி என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். விரல்கள் ஒத்துழைக்காததால் இரண்டு முறை படி எடுக்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஹா. நைகார்ட்


சோட்டோ
14 ஜூன்

அன்புள்ள டெல்பர்ட்,

இந்த வார்த்தைகளால் உன்னை அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

மே மாத நடுவில் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசினார். "அவரு வீட்டுக்கே போய்ப் பாத்துட்டோம் சார். கம்பெனிக்குப் பழுது பாக்க அனுப்பியிருக்காரு, ரசீது இருக்கு. ரசீதக் காட்டிட்டுக் கதவச் சாத்திக்கிட்டாரு" என்றார். வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகும் நான் நம்பவில்லை. அந்த ரசீது என் துப்பாக்கிக்கு உரியதுதானா என்று அதையும் சந்தேகித்தேன்.

நேற்று தொழிற்சாலையிலிருந்து பார்சல் வந்தது, என் முகவரிக்கு. உள்ளே 417. கூடவே, என்ன கோளாறு என்று நீ எழுதிக் கொடுத்த தாளையும் மடித்து வைத்திருந்தார்கள். உன் கையெழுத்து. ஏப்ரல் நான்காம் தேதி. என் வீட்டுக்கு வந்து காபி குடிக்காமல் போனாயே, அதற்கு மறுநாள். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நீ எழுதியதை நீயே மறந்திருக்கலாம்.

"நாலாவது அறை. சுத்தியல சட்டுனு இழுத்தா உருளை அந்த வேகத்துலயே போய்ப் பூட்டிக்குது. மெதுவா இழுத்தா முழுசாச் சுத்தாம மயிரிழை முன்னாடியே நின்னுடுது, அப்ப தோட்டா சரியா வெடிக்காது. என்ன மாதிரி ஆளுக்கு இது ஒரு கோளாறே இல்ல. ஆனா இது என் சிநேகிதனோடது. அவனுக்கு விரல்ல முடக்குவாதம், விசைய மட்டும் அழுத்திச் சுட பலம் பத்தாது. ரெண்டு கட்டைவிரலையும் போட்டு, பொட்டிப் பூட்டத் திறக்கற மாதிரி மெதுவாத்தான் சுத்தியல இழுப்பான். கடையில கவனிச்சேன். அவன் நடக்கறது கரடி நடமாடற இடம். என்னோடத அம்பது தடவ அவன மாதிரியே மெதுவா இழுத்துச் சுட்டுப் பாத்துட்டேன், ஒரு தடவகூட நிக்கல. அத அவனுக்குக் குடுத்துட்டேன். இத சரி பண்ணி அவன் முகவரிக்கே அனுப்புங்க."

ஐம்பது முறை. உருளையில் நான் பார்த்த கரி அதுதான்.

நீ சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நேர்மையாக யோசித்தேன். ஒன்றில் கோளாறு என்று தெரிந்தால் இரண்டையும் நம்பியிருக்க மாட்டேன். ஆராய்ந்துகொண்டே வீட்டுக்குள் கிடந்திருப்பேன். கடைசியில் அதைத்தான் செய்தேன். உன்னிடம் இருந்ததிலேயே நல்லதை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசற்படி தாண்டாமல், உன் வீட்டுக்குப் போலீஸ்காரரை அனுப்பினேன்.

இன்று காலை 418-ஐ எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனேன். டப்பா நிறுத்தினேன். ஆறு முறை மெதுவாக இழுத்தேன். ஆறும் வெடித்தன. பிறகு நடந்தே போய்த் தபால் எடுத்து வந்தேன். இதை நாளைக்கு நானே கொண்டுபோய் அந்தப் பெட்டியில் போடப் போகிறேன்.

ஷெரிஃப் அலுவலகத்துக்கு என் சந்தேகம் முழுக்கத் தவறு என்று எழுதிவிட்டேன். அது உன் வாசலில் நின்ற அந்தக் காரை இல்லாமல் ஆக்கிவிடாது. அக்கம்பக்கத்தார் பார்த்திருப்பார்கள்.

இப்போது இரண்டும் என்னிடம் இருக்கின்றன. உன்னிடம் ஒன்றும் இல்லை. நான் வண்டியோட்ட டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. நீ எப்போது வந்தாலும் காபி தயாராக இருக்கும். வராவிட்டால் திருமதி ஹாஃப்ஸ்டாட்டிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் மன்னிப்பு என்ற சொல்லை நேரில் சொல்ல விரும்புகிறேன். எழுத்தில் நான் போதுமான கெடுதல் செய்தாகிவிட்டது.

உன்,
ஹார்லன்


கிரேட் ஃபால்ஸ்
20 ஜூன்

வாத்தியாரே,

கடுதாசி வந்துச்சு.

ஷெரிஃப் ஆளு வந்தப்ப எதுத்த வீட்டு டோரத்தி புல்வெளிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தா. இப்பவும் அங்கயேதான் நிக்கறா. நான் வெளிய வந்தா குழாயத் திருகிட்டு உள்ள போயிடறா. உனக்குத் தெரியட்டும்னு சொல்றேன், குத்திக் காட்ட இல்ல. கொஞ்சம் குத்திக் காட்டவும்தான்.

ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு வரேன். காபி போடாத. இப்ப எதிர எதிர உக்காந்தா நான் ஏதாவது சொல்லிடுவேன், நீ அத அம்பது வருஷம் வெச்சுப் படிப்ப. நமக்கு அவ்வளவு வருஷம் கிடையாது.

ஒரு பெட்டிய வாசல் பெஞ்சுமேல வெச்சிடு. கதவத் திறக்க வேணாம். ரெண்டுல எத வெக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு. நான் பெட்டியத் திறந்து பாக்க மாட்டேன், நம்பரையும் பாக்க மாட்டேன். நீ வெச்சத எடுத்துக்கிட்டுப் போறேன்.

டெல்