பொட்டு வைத்த உத்திரம்

அன்புள்ள தர்மா அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறார். அவருக்குக் கண் அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது, குனிந்து எழுதக் கூடாது என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போனில் நீ கூப்பிட்டால் எனக்கு ம், சரி என்பதைத் தவிர ஒன்றும் வராது, தாளில் என்றால் வருகிறது. அம்மா சொல்வது எது, நான் சேர்ப்பது எது என்று நீயே பிரித்துக்கொள். முதலில் நான் பார்த்த ஒரு சின்ன விஷயம். மண்டபத்து உத்திரத்துக்குப் பூசை போட்டு மஞ்சள் பூசும்போது என் உள்ளங்கைக்குக் கீழே கறுப்பு மையில் ஆத்தாஸ், அதாவது மேல் பக்கம் என்று மலாயில் எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அதன் மேலேயே பூசிவிட்டேன்.

நம் ரப்பர் தோட்டத்து மண்டபத்துக்கு நீ வரைந்து கொடுத்தபடி மூன்று உத்திரமும் வியாழக்கிழமை லோரியில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் நாற்பது அடி. தூரத்தில் ஒரே மரம் மாதிரி இருந்தது, கிட்டே போனால் பலகை மேல் பலகையாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பதினோரு பலகை எண்ணினேன், ஒரு பலகை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் இரண்டு கைவிரல்களைக் கோத்த மாதிரி இருக்கிறது. ஆணியே இல்லை. விரல் கோத்தால் மட்டும் எப்படிப் பிடிக்கும் அண்ணே, பசை ஊறும்வரை எவ்வளவு நேரம் அழுத்தி வைப்பார்கள், ஒரு பலகையில் முடிச்சு இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடுவார்களா? இருபது வருஷம் பால் வெட்டிய அம்மா, இது நம் ரப்பர் மரமா என்று கேட்டார், லோரிக்காரர் இல்லை, கெருயிங் என்கிற காட்டு மரம் என்றதும் முகம் வாடிவிட்டது. மண்டபக் கமிட்டித் தலைவர் தனேஸ்வரன் அண்ணன் உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, உன் அண்ணன் அவ்ளோ தூரம் போய்ப் படிச்சது பலகை ஒட்டவா லா, எங்க வீட்டுச் சின்னது ஸ்கூல்ல தினம் இதத்தான் செய்யுது என்றார், எல்லாரும் சிரித்தார்கள். தச்சர் சன்னாசி மாமா மட்டும் சிரிக்கவில்லை, தீமிதிக்கு வெளியே நெருப்பு எரியுமே, இது பத்திக்கிட்டா பசை உருகி விழுந்துடாதா என்று கேட்டார். தடித்த மரம் வெளியே கரியாகும், அந்தக் கரியே உள்ளே இருப்பதைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும் என்று நீ எழுதியிருந்ததை நான் அம்மாவிடம் சொன்னேன், அம்மா அவரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் உத்திரத்துக்குப் பூசை. அம்மா கறுப்புக் கண்ணாடியோடு ஓரமாக உட்கார்ந்திருந்ததால் மஞ்சள் பூச என்னைக் கூப்பிட்டார்கள், பூசி மூன்று பொட்டும் வைத்தேன். கிரேன் சங்கிலி மாட்டும்போது சன்னாசி மாமா நிறுத்தச் சொன்னார். பொட்டு வெச்ச முகம் கூரத் தகரத்துக்கு அடியில போய் ஒளிஞ்சா யாரு பாக்குறது, கீழ நிக்கிற சனத்த இல்ல பாக்கணும் என்றார். அப்படியே புரட்டிப் போட்டுத் தூக்கினார்கள். கீழே இருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு அந்த அம்புக்குறி ஞாபகம் வந்தது, வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். உத்திரத்தின் முதுகு லேசாக வளைந்து மேலே எழும்பியிருக்கிறது, கூரைப் பாரம் ஏறியதும் நேராகிவிடும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அடியில் வரும் பலகைகள்தான் இருப்பதிலேயே உறுதியானவை என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் புரட்டி வைத்தது இப்போதே தொய்ந்து நிற்கிறது, பாரம் ஏறினால் இன்னும் தொய்யும். கல்யாணம் காதுகுத்து என்று இருநூறு பேர் அதற்குக் கீழே உட்காருவார்கள். உனக்கு மூன்று தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, பார்த்துப் பேசு, சன்னாசி மாமா அப்பா தவறிய வருஷம் நமக்குக் கூலி வாங்காமல் வாசக்கால் வைத்துக் கொடுத்த மனுசன், நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்துவிடாதே என்றார்.

நேற்று இரண்டாவது உத்திரத்தையும் அதே மாதிரி பூசை போட்டுப் புரட்டினார்கள். தூக்குவதற்கு முன்னால் நான் அதன் மேலே பூ கட்டும் நூலை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டினேன். என்னா ஷர்மினி, மாலை கோக்கப் போறியா என்று தனேஸ்வரன் அண்ணன் கேட்டார். நான் சன்னாசி மாமாவைக் கூப்பிட்டு, நடுவில் நூலுக்குக் கீழே கைவிரலை வைக்கச் சொன்னேன். கட்டைவிரல் நுழைந்தது. குழிஞ்சி இருக்கே என்றார். இது கீழே இருக்க வேண்டிய பக்கம் மாமா, மேல் பக்கம் எதுவென்று மஞ்சளுக்கு அடியில் எழுதியிருக்கு என்றேன். அவர் மறுபடி புரட்டச் சொல்லி, தோளில் கிடந்த துண்டாலேயே மஞ்சளைத் துடைத்து அந்த மலாய்ச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தார். திட்டவில்லை. பொட்டு பக்கவாட்டுல வை, எல்லாருக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னார். வைத்தேன். அதுவும், அடுத்து மூன்றாவதும், சரியாக ஏறின.

இத்தோடு முடி, பையன் வேலைக்குப் போக வேண்டாமா என்கிறார் அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, கட்டடத்தில் ஏறும்போது தொப்பியைக் கழற்றாதே. உன் பாஸ்போர்ட் தேதி வருகிற மாசி மாதத்தோடு முடிகிறது, மறந்துவிடாதே. உன் கைபட்ட கட்டடம் எல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா உன் தலையில் கை வைத்து வாழ்த்துவதாக நினைத்துக்கொள்.

முதல் உத்திரம் என்ன ஆனது என்று கேட்பாய். மூன்றாவது ஏறியதும் எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிம்பாங் பூலாயில் வேறு வேலை இருக்கிறது என்று கிரேன்காரர் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார். சன்னாசி மாமா என்னைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த கிளாசைப் பார்த்தார். நான் கிரேனுக்கு முன்னால் போய் நின்று, இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் இறக்கிப் புரட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சன்னாசி மாமா கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், கிரேன்காரர் சங்கிலியை மறுபடி அவிழ்த்தார்.

இப்படிக்கு,
அம்மா கலாதேவி சொல்ல, எழுதிய தங்கை
ஷர்மினி